பொருட்காட்சிப் பேய் வீட்டுக்குக் கதை வேண்டும், யோசனை சொல்லுங்கள்

செல்லூர் செட்:
எல்லாருக்கும் வணக்கம். கல்யாண மேடை, கல்லூரி விழா, பொருட்காட்சி என்று செட் போடுகிற ஆள் நான். வருகிற சித்திரையில் மதுரைப் பக்கம் ஒரு பொருட்காட்சியில் பேய் வீடு போடும் வேலை வந்திருக்கிறது. இடம் அறுபதுக்கு முப்பது அடி.

வழக்கமாக என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். கருப்புத் துணி கட்டின சந்து, திருப்பத்தில் எலும்புக்கூடு, ஒரு சவப்பெட்டி, ஒரு வெள்ளைச் சேலை, கடைசியில் மறைந்திருந்து தகரத்தைத் தட்டிக் கத்துகிற பையன். ஜனம் அலறிக்கொண்டு வெளியே ஓடும். வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்குவதற்குள் மறந்தும் போகும்.

இந்தத் தடவை கதையோடு செய்ய ஆசை. பார்ட்டியும் சரி சொல்லிவிட்டார். ஒரு ஜமீன்தார், அவருடைய இரண்டாம் தாரம், ஒரு கொலை, நூறு வருஷம் கழித்துப் பழி என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுத எழுத நீண்டுகொண்டே போகிறது. இருட்டில் பயந்துகொண்டு நடக்கிறவருக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சுவரில் எழுதி வைப்பதா, ஸ்பீக்கரில் சொல்வதா? அமெரிக்காவில் டிஸ்னிலேண்டில் பேர்பெற்ற பேய் மாளிகை ஒன்று இருக்கிறதே, அதற்குக் கதை எப்படிப் பிடித்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநகர்வாசி:
ஜமீன் பங்களா வேண்டாம் அண்ணே. டிவியில் வாராவாரம் அதைத்தான் பார்க்கிறோம். மற்றபடி ஆவலாக இருக்கிறேன், எழுதுங்கள்.

வடக்குமாசி:
செல்லூர் அண்ணே, நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிற இதே இடத்தில்தான் அவர்களும் மாட்டினார்கள். வெளியே வருவதற்கு 12 வருஷம் ஆனது. பூங்காச் சவாரிகளின் வரலாறு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955-ல். 1957-ல் கென் ஆண்டர்சன் என்ற கலைஞரிடம் பேய் வீட்டு வேலையை வால்ட் டிஸ்னி ஒப்படைத்தார். அவர் எழுதிய கதைகளில் ஒன்று உங்கள் ஜமீன்தாருக்குச் சொந்தக்காரக் கதை. ஒரு கப்பல் கேப்டன். உண்மையில் கடல் கொள்ளைக்காரன். அதை மறைத்துக் கல்யாணம் செய்கிறான், மனைவி கண்டுபிடிக்கிறாள், அவளைக் கொன்றுவிட்டுத் தானும் தூக்கில் தொங்குகிறான். படமாக எடுத்தால் நன்றாக இருக்கும். ஆண்டர்சனும் அதை நடந்து பார்க்கிற வீடாகத்தான் யோசித்தார். கூட்டம் கூட்டமாக உள்ளே விட்டு, அறை அறையாகக் கதை சொல்வது திட்டம்.

அடுத்து கட்டடம். பாழடைந்த வீடாக வரைந்து காட்டினார்கள். வால்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பூங்கா முழுக்கத் துடைத்து வைத்த மாதிரி இருக்கும்போது நடுவில் ஒரு இடிந்த வீடு நிற்கக் கூடாது என்றார். வெள்ளைத் தூண்களோடு அழகான மாளிகையாக 1963-ல் வெளிப்புறம் எழுந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை. வாசலில் ஒரு பலகை மட்டும் வைத்தார்கள். ஓய்வு பெற விரும்பும் பேய்களுக்கு இங்கே இடம் உண்டு, விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு. இந்தப் பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பிறகு 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சி வந்தது, ஆட்கள் எல்லாரும் அந்த வேலைக்குப் போய்விட்டார்கள். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துவிட்டார். கடைசி முடிவு சொல்ல வேண்டிய ஆள் இல்லை.

இதற்கு நடுவில் யேல் கிரேசி, ரோலி கிரம்ப் என்ற இரண்டு பேர் தனியாக ஒரு பட்டறையில் உட்கார்ந்து கதையைப் பற்றிக் கவலைப்படாமல் மாயக் காட்சிகளை மட்டும் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கியமானது 'பெப்பர்ஸ் கோஸ்ட்' என்ற பழைய மேடை வித்தை. 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டியது. பார்வையாளருக்கு முன்னால் பெரிய கண்ணாடி, பார்வைக்குத் தெரியாத பக்கத்தில் வெளிச்சம் போட்ட உருவம். அந்த உருவத்தின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, அந்தப் பக்கம் இருக்கிற நிஜ மேசை நாற்காலிக்கு நடுவே புகை போல நிற்கும். மாளிகையின் நடன அறை முழுக்க இந்த வித்தைதான். பிம்பத்தில் இடம் வலம் மாறிவிடும் இல்லையா, அதனால் அங்கே ஜோடியாகச் சுழலும் பேய்களில் பெண்தான் ஆணை வழிநடத்துகிற மாதிரித் தெரியும்.

அடுத்தது கூட்டக் கணக்கு. நடந்து பார்க்கிற வீடு என்றால் அவ்வளவு ஜனத்தைத் தள்ள முடியாது. அதனால் சங்கிலி போலத் தொடர்ந்து நகரும் கூண்டு நாற்காலிகளை வைத்தார்கள், மணிக்கு 2000 பேருக்கு மேல் போகலாம். நாற்காலி தானாகத் திரும்பி எதைப் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் நம்மை நிறுத்தும். ஆனால் ஒவ்வொரு காட்சியும் சில விநாடிதான். அறையில் நிறுத்திக் கொலைக் கதை சொல்ல நேரமே கிடையாது. ஆண்டர்சன் கதைக்கு இதோடு வழி அடைந்தது.

மிச்சம் இருந்தது ஒரு சண்டை. கிளாட் கோட்ஸ் பின்னணி ஓவியர். வீடே பயமுறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. மார்க் டேவிஸ் பாத்திரங்களை வரைகிறவர். ஜனம் சிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தீர்த்து வைக்க வால்ட் இல்லை. அதனால் இரண்டுமே உள்ளே வந்தன. முன் பாதியில் நீளமான காலி நடைபாதை, உள்ளிருந்து யாரோ தள்ளுவதால் உப்புகிற கதவுகள், ஆளே தெரியாது. பின் பாதியில் நடன அறை, கல்லறைத் தோட்டம், பாடுகிற பேய்கள், ஒரே கும்மாளம். இந்த இரண்டையும் ஒட்ட வைத்தவர் வசனம் எழுதிய எக்ஸ் அடென்சியோ. பாடல் வரியும் அவருடையதுதான், இசை பட்டி பேக்கர்.

அவர் ஒட்டிய விதம்தான் எனக்குப் பெரிய விஷயம். நடந்த சம்பவம் எதையும் அவர் சொல்லவில்லை. உருவம் தெரியாத ஒரு பேய் நம்மை வரவேற்கிறது. இங்கே 999 பேர் இருக்கிறோம், ஆயிரமாவது இடம் காலி, யார் வருகிறீர்கள் என்று கேட்கிறது. அந்த ஒரு கேள்வியில் வேடிக்கை பார்க்க வந்தவன் கதைக்குள் வந்துவிடுகிறான். பேய்கள் ஏன் இங்கே கூடியிருக்கின்றன? வாசல் பலகைதான் பதில், அவை ஓய்வெடுக்க வந்தவை. கடைசியில் கண்ணாடியைக் கடக்கும்போது நம் நாற்காலியிலேயே ஒரு பேய் உட்கார்ந்திருப்பது தெரியும், வீட்டுக்குக் கூடவே வருகிறது. 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். இன்றைக்கும் வரிசை குறையவில்லை.

அண்ணே, உங்களுக்கும் மூன்று பதில் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். இது யாருடைய இடம்? உள்ளே வருகிற நான் யார்? நான் எப்படி வெளியே போகிறேன்? யார் யாரைக் கொன்றார்கள் என்பதை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

செல்லூர் செட்:
தம்பி, இரண்டு தடவை படித்தேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தக் கேப்டன் கதை சுத்தமாகப் போய்விட்டதா?

வடக்குமாசி:
முழுக்கப் போகவில்லை. ஆரம்பத்தில் எட்டு மூலை அறை ஒன்று வரும், சன்னலும் கிடையாது கதவும் கிடையாது. அறை அப்படியே நீளும். சுவரில் கௌரவமான மனிதர்களின் படங்கள். நீள நீளப் படத்தின் கீழ்ப்பகுதி தெரியவரும். குடை பிடித்த அழகான பெண் நிற்பது கயிற்றின் மேல், கயிற்றுக்குக் கீழே வாய் பிளந்த முதலை. கோட்டுப் போட்ட கனவானுக்குக் கால்சட்டை இல்லை, நிற்பது வெடிமருந்துப் பீப்பாயின் மேல். ஒரு படத்துக்கு ஒரு கதை, அதுவும் இரண்டே விநாடி. கடைசியில் விளக்கு அணைந்து, மேலே கூரையில் ஒரு உடல் தூக்கில் தொங்குவது மின்னல் வெளிச்சத்தில் தெரியும். ஆண்டர்சன் கதையின் மிச்சம் அது.

இன்னொன்று. அந்த அறை உண்மையில் ஒரு லிஃப்ட். மாளிகைக்கு இடம் போதவில்லை, சவாரி நடக்கிற பெரிய கொட்டகை பூங்காவைச் சுற்றிப் போகிற ரயில் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஜனத்தைக் கீழே இறக்கி, மேட்டுக்கு அடியில் நடக்க வைத்து அங்கே கொண்டுபோக வேண்டும். அதை மறைக்கத்தான் அறை நீள்கிற வித்தை. 1971-ல் ஃப்ளோரிடாவில் கட்டியபோது கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லை, ஆனால் அந்த அறையை விட மனசில்லாமல் கூரையை மேலே ஏற்றினார்கள். இடப் பிரச்சினையில் பிறந்தது, கதையின் உயிரான இடமாகிவிட்டது. உங்கள் அறுபதுக்கு முப்பதில் எந்த மூலை இடிக்கிறதோ அந்த மூலையை முதலில் பாருங்கள் அண்ணே.

ஒத்தக்கடை:
வடக்குமாசி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதை இல்லாமலே போதும் என்பது கலிபோர்னியாவுக்குச் சரி. பாரிஸ் டிஸ்னியில் 1992-ல் 'ஃபேண்டம் மேனர்' திறந்தார்கள், அதில் முழுக்கதை இருக்கிறது. சுரங்க முதலாளி ரேவன்ஸ்வுட், அவர் மகள் மெலனி, கல்யாணத்தன்று வராத மாப்பிள்ளை, மணக்கோலத்திலேயே காத்திருந்து கிழவியாகிறாள். பூங்காவில் பக்கத்திலேயே இருக்கிற சுரங்க ரயில் சவாரியும் இந்தக் குடும்பத்துக் கதையில் சேர்த்தி. அதற்கென்று உருகுகிற ஜனம் இருக்கிறது. நம் ஊர்க்காரன் கூத்து பார்த்து, நாடகம் பார்த்து, விடிய விடியக் கதை கேட்டவன். கதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வடக்குமாசி:
நல்ல உதாரணம். ஆனால் பாரிஸ் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மணப்பெண் காத்திருக்கிறாள். அறைக்கு அறை அவளைத்தான் பார்க்கிறோம். வம்சாவளி தெரியாதவனுக்கும் அது புரிந்துவிடும். மிச்சமெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு.

ஒரே மாளிகையை ஊருக்கு ஊர் எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். கலிபோர்னியாவில் அது நியூ ஆர்லியன்ஸ் வீதியில் நிற்கிறது, ஃப்ளோரிடாவில் பழைய அமெரிக்கக் குடியேற்ற ஊரில், டோக்கியோவில் தேவதைக் கதைப் பகுதியில், பாரிஸில் சுரங்க ஊரில். ஹாங்காங்கில் 2013-ல் திறந்தபோது பேயையே எடுத்துவிட்டார்கள். முன்னோர் ஆவிகளை மரியாதையோடு கும்பிடுகிற ஊர், அங்கே பேயை விளையாட்டாகக் காட்டுவது பொருந்தாது என்று 'மிஸ்டிக் மேனர்' ஆக்கினார்கள். உலகம் சுற்றி அரும்பொருள் சேர்க்கிற ஒரு பிரபு, அவருடைய குரங்கு ஆல்பர்ட், அது திறந்துவிடுகிற இசைப்பெட்டி, உயிர் பெறும் சிலைகள். பார்த்தவர்கள் கொண்டாடுகிறார்கள். மதுரைக்கு என்ன பொருந்தும் என்பதுதான் இப்போது கேள்வி.

திருநகர்வாசி:
முனி வைக்கலாமே? உச்சி வெயிலில் புளியமரத்தடியில் அடிக்கிற முனி. பாண்டி கோயில் பக்கமெல்லாம் கேட்காத கதையா?

கீழக்குயில்குடி:
தம்பி, வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை, புரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவர்களை நாம் பேயாக விட்டுவிடுவதில்லை, சாமியாக்கிக் கும்பிடுகிறோம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதைப்பாடல் சொல்கிற மதுரை வீரனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் சன்னதி இருக்கிறது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு. அங்கே உருவத்தைப் பார்ப்பதில்லை, மூடின கதவைத்தான் சந்தனம் சாத்திக் கும்பிடுகிறோம். முனியும் அப்படித்தான், எத்தனையோ குடும்பத்துக்குக் குலசாமி. டிக்கெட் கிழித்து உள்ளே போய் அதைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரிப்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தாங்கமாட்டார்கள். நானும் தாங்கமாட்டேன்.

அதே மாதிரி கோடாங்கி, உடுக்கைச் சத்தம், பேயோட்டுகிற காட்சி இதெல்லாமும் வேண்டாம். உடம்புக்கு முடியாமல் கோயிலில் கிடக்கிற பெண்களின் துன்பம் அது. வேடிக்கைப் பொருள் இல்லை. கழுமரம் வைக்கிறேன் என்றும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சமணர் மலைக்குக் கீழே குடியிருக்கிறவனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

செல்லூர் செட்:
ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டிலும் முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறோம். சாமி சம்பந்தப்பட்டது எதுவும் கிடையாது, முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் யாருடைய இடம்?

சிம்மக்கல்:
தம்பி, ஒரு யோசனை சொல்கிறேன், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா சினிமா ஆபரேட்டர். முதலில் டூரிங் கொட்டகை, பிறகு டவுனுக்குள்.

மதுரை சினிமா பார்த்த ஊர். 1952-ல் திறந்த தங்கம் தியேட்டரில் 2500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசும். இப்போது அது இல்லை. இரண்டாம் ஆட்டம் முடிந்து ஜனம் வீதியில் நடந்துபோகிற சத்தத்திலேதான் இந்த ஊருக்குத் தூங்கா நகரம் என்ற பேர் நிலைத்தது என்பார் அப்பா.

படம் பெட்டியில் வரும். ஒரு சின்ன ரீல் ஆயிரம் அடி, பதினோரு நிமிடம் ஓடும். சில சமயம் ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைக்கு ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிய முடிய ரீல்களைச் சைக்கிளில் கட்டி அங்கே கொண்டுபோவான் ஒரு பையன். பெட்டி வரத் தாமதமானால் கொட்டகையில் விசில் பறக்கும். "பெட்டி வந்தாச்சா?" என்று அப்பாவைக் கேட்டுக் கேட்டு ஜனம் புரொஜெக்டர் ரூம் கதவைத் தட்டும்.

இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைத் தாண்டின ஒரு கிராமத்துக் கொட்டகை. இரண்டாம் ஆட்டம். கடைசி ரீல் மதுரையிலிருந்து வர வேண்டும். வைகையில் வெள்ளம், தரைப்பாலம் முங்கிவிட்டது. பெட்டி வரவில்லை. படத்தின் முடிவைப் பார்க்காமல் ஜனம் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. இன்னமும் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வருகிறவர் கையில் ஒரு ரீல் பெட்டியைக் கொடுத்து அனுப்புங்கள்.

வடக்குமாசி:
அக்கா! மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. இடம் கொட்டகை. நான் பெட்டிக்காரன். பெட்டியை ஆபரேட்டரிடம் சேர்த்தால் வெளியே போகலாம். வாசலில் ஒரு வரி சொன்னால் போதும்: "பெட்டி வந்தாச்சா? சீக்கிரம் கொண்டு போங்க, ஜனம் காத்திருக்கு." பயந்தாலும் நடந்தே ஆக வேண்டும், கையில் வேலை இருக்கிறது. எனக்கு இப்போதே உடம்பு சிலிர்க்கிறது.

செல்லூர் செட்:
பிரமாதம் அக்கா. ஒரு சந்தேகம், அந்த ஜனம் எப்படிச் செத்தது? வெள்ளத்திலா? கொட்டகை தீப்பிடித்தா?

சிம்மக்கல்:
அங்கே யாரும் சாகவில்லை தம்பி. தயவுசெய்து தீ என்ற பேச்சே வேண்டாம். 1979-ல் தூத்துக்குடியில் டூரிங் கொட்டகை எரிந்து எத்தனை குடும்பம் அழிந்தது. அந்தச் சேதி கேட்டு அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று அம்மா சொல்வார்கள்.

நம் கதையில் வெள்ளம் வந்த அன்றைக்கு விடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளை பெற்றார்கள், பேரன் எடுத்தார்கள், வயசாகிப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்த முடிவு மட்டும் மனசில் நின்றுவிட்டது. செத்த பிறகு ஒவ்வொருவராக அதே கொட்டகைக்கு, அதே இடத்துக்கு வந்து உட்காருகிறார்கள். கைக்குழந்தையோடு பார்த்தவள் கிழவியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அந்தக் குழந்தை இல்லை, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

ஒத்தக்கடை:
என் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். முழுக்கதையும் இருக்கிறது, ஒரு வரியிலும் அடங்குகிறது.

வடக்குமாசி:
ஓய்வு பெற வந்த பேய்கள் என்று டிஸ்னி பலகை சொன்னதும் இந்த ரகம்தான். கொல்லப்பட்டவர்கள் இல்லை, விரும்பி வந்தவர்கள். அதனால்தான் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பேய்கள் பாடினால் நமக்கும் சந்தோஷமாக இருக்கிறது. அக்கா, புரொஜெக்டர் ரூம் விஷயம் இன்னும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சிம்மக்கல்:
நிறைய இருக்கிறது. தரை டிக்கெட் என்றால் ஆற்று மணல். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். சோடா, முறுக்கு விற்கிற குரல் இருட்டில் காலுக்கடியில் போய்க்கொண்டே இருக்கும். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் ஒரு தட்டி.

மிஷினில் அப்போது கார்பன் குச்சிதான். இரண்டு குச்சியின் நுனி நெருங்கினதும் பொறி பாய்ந்து கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம் வரும். எரிய எரிய நுனி தேயும், அப்பா திருகிக்கொண்டே இருப்பார். விட்டால் திரை மங்கிவிடும். டவுன் தியேட்டரில் இரண்டு மிஷின். ரீல் முடிகிற சமயம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி பளிச்சென்று வந்து போகும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினை ஓட விடுவார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு புள்ளி, உடனே மாற்றுவார். படம் பார்க்கிறவர்களில் ஒருவர்கூட அந்தப் புள்ளியைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் பழைய படம் என்றால் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

வடக்குமாசி:
செல்லூர் அண்ணே, அந்தப் புள்ளியை விடாதீர்கள்! ஒவ்வொரு அறையிலும் ஏதாவது நடப்பதற்கு முன்னால் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னட்டும். முதல் அறையில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது அறையில் ஒருவர் கவனிப்பார். மூன்றாவதில் கூட்டமே மேலே பார்க்கும். நாலாவதில் புள்ளி மின்னும், ஆனால் ஒன்றுமே நடக்காது. ஐந்தாவதில் புள்ளியே இல்லாமல் நடக்கும். தகரம் தட்டுகிற பையன் செய்யாததை அந்தச் சின்ன விளக்கு செய்யும்.

விளாச்சேரி பொம்மை:
உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு என் பக்கமிருந்து ஒன்று. நாங்கள் கொலு பொம்மை செய்கிற குடும்பம். முகத்துக்குப் பிளாஸ்டர் அச்சு வைத்திருப்போம். பொம்மையை எடுத்த பிறகு குழியாக இருக்கிற அந்த அச்சையே நிறுத்தி வைத்து வெளிச்சம் போட்டுப் பாருங்கள். குழி என்று கண் நம்பாது, புடைத்த முகமாகத்தான் காட்டும். நீங்கள் நடக்க நடக்க அந்த முகமும் உங்கள் பக்கமே திரும்பும். டிஸ்னி மாளிகையில் பார்வை தொடருகிற சிலைகள் இப்படிக் குழிந்தவைதான் என்று ஒருமுறை வீடியோவில் பார்த்ததும் பட்டறையில் செய்து பார்த்தோம், அப்படியே வருகிறது.

கவனிக்க வேண்டியது: எட்டு, பத்து அடி தள்ளி வைக்க வேண்டும். கிட்டே போனால் இரண்டு கண்ணும் சேர்ந்து குழியைக் கண்டுபிடித்துவிடும். அச்சுக்குள் மேட் பெயிண்ட், பளபளப்பு ஆகாது. வெளிச்சம் கீழேயிருந்து மெல்லிசாக வரட்டும். விளிம்பு தெரியாமல் கருப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பொருத்துங்கள். முழு உருவம் தேவையே இல்லை, வரிசை வரிசையாக முகம் மட்டும். கையில் பெட்டியோடு திரைக்கு முன்னால் குறுக்கே நடக்கிறவரைக் கொட்டகையே தலை திருப்பிப் பார்க்கும். பழைய அச்சுகள் நிறையக் கிடக்கின்றன, வந்து பாருங்கள்.

செல்லூர் செட்:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணே. மனசில் படமாக ஓட ஆரம்பித்துவிட்டது. முகப்பில் நிஜக் கீற்று வேய்ந்து, தட்டி கட்டி, மணல் கொட்டி அசல் டூரிங் கொட்டகையாகவே நிறுத்திவிடலாம்.

தீயணைப்பு ஓய்வு:
இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. கீற்று வேண்டாம். தெர்மாகோல், சாதாரண ஃபோம், பாலியஸ்டர் துணி எதுவும் வேண்டாம்.

1984 மே 11 அன்று அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் வீடு எரிந்தது. லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினது, உள்ளே ஃபோம், பிளாஸ்டிக், ஒட்டுப்பலகை. தண்ணீர் தெளிப்பான் கிடையாது. எட்டு இளைஞர்கள் வெளியே வர வழி தெரியாமல் இறந்தார்கள். பேய் வீட்டில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. அங்கே புகையும் அலறலும் செட்டில் சேர்ந்தவை என்று ஜனம் நம்பும். நிஜத் தீ வந்தாலும் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்க்கும். அதற்குப் பிறகுதான் அங்கே இந்த மாதிரிக் கூடங்களுக்குச் சட்டம் கடுமையானது.

உங்களுக்கு நான் சொல்வது: முகப்பைத் தகரத்தில் செய்து அதன் மேல் கீற்று மாதிரி பெயிண்ட் அடியுங்கள். ராத்திரி வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. உள்ளே துணி எல்லாம் தீப்பிடிக்காத மருந்து தோய்த்ததாக வாங்குங்கள். இரண்டு பக்கமும் வெளிப்பக்கம் திறக்கிற கதவு, தாழ்ப்பாள் இல்லாமல். ஒரே சுவிட்சில் சத்தம் முழுக்க நின்று வெள்ளை விளக்கு முழுக்க எரிய வேண்டும். அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் நிற்க வேண்டும். வயரிங் தரையில் மணலுக்கடியில் போகக் கூடாது. கார்பன் பொறி, மின்னல் எல்லாம் எல்ஈடியில் மட்டும்.

செல்லூர் செட்:
ஐயா, அப்படியே எழுதிக்கொண்டேன். கீற்று கிடையாது. மணலும் நுழைகிற இடத்தில் மட்டும்.

வரைபடம் இப்படிப் போகிறது. வாசலில் டிக்கெட் கவுண்டர், அங்கேயே பெட்டி கைக்கு வரும். முதலில் போஸ்டர் ஒட்டின சந்து, பிறகு தரை டிக்கெட் பகுதி, பெண்கள் பக்கம், திரைக்கு முன்னால் குறுக்கு நடை, அங்கேதான் விளாச்சேரி முகங்கள். அப்புறம் சின்ன ஏற்றம், புரொஜெக்டர் ரூம். ஆபரேட்டர் பெப்பர்ஸ் கோஸ்ட்டில் நிற்பார், நிஜ மிஷின் மேல் பிம்பமாக. பெட்டியை ஒரு சன்னல் வழியாக உள்ளே வைத்தால் மிஷின் ஓடத் தொடங்கும். திரையில் என்ன காட்டுவது என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு பேய்ப் படத் துண்டு ஓட்டினால் சப்பென்று போய்விடும்.

திருநகர்வாசி:
அண்ணே, நுழைகிற இடத்தில் ஒரு கேமரா வையுங்கள். அவர்கள் பெட்டியோடு உள்ளே வந்து நடந்ததைக் கருப்பு வெள்ளையில் திரையில் காட்டுங்கள். கொட்டகை ஜனம் இத்தனை வருஷம் காத்திருந்த முடிவு, பெட்டி வந்து சேருவதுதான்.

சிம்மக்கல்:
இது அருமை தம்பி. அப்போது முறுக்குக்காரர் குரல் நின்றுவிடட்டும். மொத்தக் கொட்டகையும் ஒரே நேரத்தில் கை தட்டட்டும். வேறு சத்தம் வேண்டாம்.

ஒத்தக்கடை:
கூட்டக் கணக்கையும் பாருங்கள். ஆறு ஆறு பேராக, 40 விநாடிக்கு ஒரு குழு விட்டால் மணிக்கு 540 பேர். உள்ளே நடை நாலு நிமிடம் என்றால் ஒரே நேரத்தில் ஆறு குழு, 36 பேர் உள்ளே இருப்பார்கள். ஒரு குழுவின் கண்ணில் இன்னொரு குழு படாமல் இருக்க ஆறு வளைவு வேண்டும். உங்கள் வரைபடத்தில் ஐந்துதான் இருக்கிறது. போஸ்டர் சந்தை இரண்டாக மடித்தால் ஆறாவது கிடைக்கும். திரையில் காட்டுகிற படமும் அந்தந்தக் குழுவுடையதாக வர வேண்டும், நாலு நிமிடத் தாமதத்தை சரியாகக் கட்டுங்கள். மாறிப்போனால் அவ்வளவு கதையும் வீண்.

செல்லூர் செட்:
மடித்துவிட்டேன். வாசலில் பெட்டி கொடுத்து அந்த ஒரு வரி சொல்கிற ஆள் யார் என்பதுதான் மிச்சம். எங்கள் பசங்களில் யாருக்கும் அந்தக் குரல் இல்லை.

சிம்மக்கல்:
ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் பேசுவார்கள், கூட்டத்தின் முகம் பார்த்து வசனத்தை மாற்றத் தெரியும். ஆனால் பங்குனி, சித்திரை அவர்களுக்கு சீசன், ஊர் ஊராகத் திருவிழா நாடகம் இருக்கும். சித்திரைக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த மாதமே பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.